வேல்ஸ் அரசின் இடதுசாரிக் கொள்கைகளிலிருந்து தேசியக் கட்சிக்குப் பாடம் எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிரிட்டனின் தொழிலாளர் கட்சி வேல்ஸில் 1999 முதல் தொடர்ந்து ஆட்சிக்குத் தலைமை தாங்கியது. அதே காலத்தில் லண்டனில் 14 ஆண்டுகள் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருந்தது. வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் நடந்ததிலிருந்து தேசியக் கட்சி, அதாவது நாடு முழுமைக்குமான தொழிலாளர் கட்சி, எதைக் கற்கலாம் என்று கொள்கைக் குறிப்பு எழுத முன்வருவோர் பலரது முதல் வரைவுகளைப் படித்துத் திருத்தியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லா வரைவும் ஒரு பட்டியலில்தான் தொடங்கும்: இலவச மருந்து, இலவசப் பேருந்து, பள்ளியில் காலை உணவு, குறைந்த வேக வரம்பு. பட்டியல் முடிந்ததும் "இவற்றை நாடு முழுவதும் செயல்படுத்த வேண்டும்" என்ற ஒரு வரி வரும். அந்தப் பட்டியலில் உள்ள தகவல்கள் சரியாகவே இருக்கும். ஆனால் எந்த அதிகாரத்தால், யாருடைய பணத்தால், எந்த வரிசையில் அவை நடந்தன என்று அறியாமல் எடுக்கும் பாடம் முதல் எதிர்க்கேள்வியிலேயே உதிர்ந்துவிடும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. எழுதுமுன் மேசையில் இருக்க வேண்டியவை

நான்கு வகை ஆவணங்கள் தேவை. முதலாவது, அதிகாரச் சட்டங்கள்: 1998, 2006, 2014, 2017 ஆகிய ஆண்டுகளின் வேல்ஸ் சட்டங்கள். இரண்டாவது, ஒவ்வொரு தேர்தலுக்கும் கட்சி வெளியிட்ட தேர்தல் அறிக்கை. மூன்றாவது, வேல்ஸ் அரசின் ஆண்டு வரவுசெலவுத் திட்டம். நான்காவது, செனெத் எனப்படும் வேல்ஸ் நாடாளுமன்றத்தின் குழு அறிக்கைகளும் வேல்ஸ் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கைகளும்.

அமைச்சர்களின் பேச்சுகளைக் கடைசியாகப் படியுங்கள். அவற்றில் தொடங்குபவர்கள், சொல்லப்பட்டதைச் செய்யப்பட்டதாக எழுதிவிடுகிறார்கள். அன்றைய முதலமைச்சர் ரோட்ரி மோர்கன் 2002 டிசம்பரில் ஸ்வான்சீயில் ஆற்றிய உரை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. கார்டிஃபுக்கும் லண்டனுக்கும் இடையே "தெளிவான சிவப்பு நீர்" இருக்கிறது என்ற அதன் தொடரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். படகுப் போட்டியில் இரு படகுகளுக்கு இடையே தெரியும் நீர்ப்பரப்பே அதன் பொருள். அந்தத் தொடர் எழுதப்பட்ட உரையில் இருந்தது. மேடையில் அவர் அதைச் சொல்லவில்லை. (இதைச் "செந்நீர்" என்று மொழிபெயர்த்த வரைவு ஒன்றைப் பார்த்தேன். தமிழில் அது இரத்தம். உரையின் நோக்கம் அத்தனை கடுமையானது அல்ல.)

2. அதிகார எல்லையை முதலில் வரையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்வதே மிகப் பரவலான பிழை. தமிழ் வாசகர்கள் வேல்ஸை இந்தியாவின் ஒரு மாநிலம் போலக் கற்பனை செய்துகொள்கிறார்கள். இந்திய மாநிலங்களின் அதிகாரம் அரசியலமைப்பின் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது. வேல்ஸின் அதிகாரமோ லண்டனிலுள்ள பிரிட்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டர் இயற்றிய சாதாரணச் சட்டத்தால் கொடுக்கப்பட்டது. இன்னொரு சாதாரணச் சட்டத்தால் அதைக் குறுக்கவும் முடியும்.

அந்த அதிகாரம் ஒரே நாளில் வந்ததும் அல்ல. வேல்ஸுக்குத் தனிப் பேரவை வேண்டுமா என்ற 1997 செப்டம்பர் பொது வாக்கெடுப்பில் 50.3 விழுக்காட்டினர் மட்டுமே ஆதரித்தனர். வித்தியாசம் 6,721 வாக்குகள். 1999 இல் கூடிய அந்தப் பேரவையால் (இன்றைய செனெத்) முழுச் சட்டம் இயற்ற முடியாது. 2011 மார்ச் வாக்கெடுப்பில் 63.5 விழுக்காட்டினர் ஆதரித்த பிறகே ஒப்படைக்கப்பட்ட துறைகளில் முழுச் சட்டமியற்றும் அதிகாரம் வந்தது. வெஸ்ட்மின்ஸ்டருக்கு ஒதுக்கப்பட்டவை தவிர மற்றவை வேல்ஸுக்கு என்ற ஏற்பாடு 2018 இல்தான் நடைமுறைக்கு வந்தது.

எனவே ஒவ்வொரு கொள்கைக்கும் எதிரே இரண்டு செய்திகளை எழுதுங்கள்: அது எந்த ஆண்டில் நடந்தது, அந்த ஆண்டில் அதற்கு என்ன அதிகாரம் இருந்தது. 2004 இல் செய்யாமல் விட்டதைத் துணிவின்மை என்று எழுதும் வரைவுகளில் பாதி, அன்று அதிகாரமே இல்லாத விஷயத்தைக் குறை சொல்லுபவை.

உடல்நலம், பள்ளிக் கல்வி, வீட்டுவசதி, உள்ளாட்சி, பெரும்பாலான போக்குவரத்து ஆகியவை கார்டிஃபின் கையில் உள்ளன. சமூக நலத் தொகைகள், தொழிலாளர் சட்டம், காவல், நீதித்துறை, பெரும்பாலான வரிகள் ஆகியவை லண்டனின் கையில் உள்ளன. வேல்ஸில் சுமார் பத்துக் குழந்தைகளில் மூவர் வறுமையில் இருக்கும் நிலை பெரிதாக மாறாததை மதிப்பிடும்போது இந்தப் பிரிவினையை மறந்துவிடக் கூடாது.

3. பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

வேல்ஸ் அரசின் பணத்தில் பெரும்பகுதி லண்டனிலிருந்து வரும் மொத்த மானியம். இங்கிலாந்தில் அதே துறைகளுக்கான செலவு கூடினாலோ குறைந்தாலோ, மக்கள்தொகை விகிதப்படி வேல்ஸின் மானியமும் கூடும் அல்லது குறையும். இதையே பார்னெட் சூத்திரம் என்கிறார்கள். 2016 இல் செய்த நிதி உடன்பாடு வேல்ஸின் கூடுதல் தேவையைக் கணக்கில் எடுத்து, தலைக்குச் செலவு இங்கிலாந்தின் அளவில் 115 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சேர்த்தது.

இதை ஏன் முதலிலேயே பார்க்க வேண்டும்? மானியத் தொகை நிலையாக இருக்கும்போது, புதிய இலவசம் ஒவ்வொன்றும் இன்னொரு செலவின் இடத்தைப் பிடிக்கிறது. வேல்ஸ் அரசின் மூலதனக் கடன் மொத்தம் 100 கோடி பவுண்டு, ஆண்டுக்கு 15 கோடி பவுண்டு என்ற வரம்புக்குள் அடைக்கப்பட்டிருந்தது. தேசிய அரசுக்கு அப்படியொரு வேலி இல்லை. அதற்கு வேறு வகைக் கட்டுப்பாடுகள் உள்ளன. "வேல்ஸால் முடிந்தது, லண்டனால் ஏன் முடியாது" என்ற வாக்கியத்தையும், "வேல்ஸாலேயே முடியவில்லை" என்ற வாக்கியத்தையும் இந்தப் படியை முடிக்கும் வரை எழுதாதீர்கள்.

இந்தப் படியில் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. 2019 ஏப்ரல் முதல் வருமான வரியின் ஒவ்வொரு அடுக்கிலும் பவுண்டுக்கு 10 பென்ஸ் பங்கை நிர்ணயிக்கும் அதிகாரம் வேல்ஸுக்கு வந்தது. இடதுசாரி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அரசு ஒவ்வோர் ஆண்டும் அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அடுக்குகளின் எல்லையை மாற்ற முடியாததால் கூடுதல் வரி நடுத்தர வருமானத்தினர் மீதே விழும் என்பது ஒரு காரணம். செலவில் இடதுசாரியாகவும் வரியில் எச்சரிக்கையாகவும் இருந்த அரசு அது என்பதைக் குறிப்பில் வெளிப்படையாக எழுத வேண்டும். ஏனெனில் வரியைக் கையில் வைத்திருக்கும் தேசியக் கட்சிக்கு அந்தப் பகுதியில் வேல்ஸிடம் கற்க அதிகம் இல்லை.

4. முன்வாசல் கொள்கையையும் பக்கவாசல் கொள்கையையும் பிரியுங்கள்

முழு அதிகாரம் இருந்த இடத்தில் வேல்ஸ் நேராகச் செய்தவை ஒரு வகை. சமூக வீடுகளைக் குடியிருப்போர் தள்ளுபடியில் வாங்கும் உரிமையை நீக்கிய 2018 ஆம் ஆண்டுச் சட்டம் இதில் சேரும். அது 2019 ஜனவரி 26 இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 1981 க்கும் 2016 க்கும் இடையே 1,39,000 க்கும் மேற்பட்ட வீடுகள், அதாவது 1981 இல் இருந்த சமூக வீடுகளில் சுமார் 45 விழுக்காடு, விற்கப்பட்டிருந்தன. இங்கிலாந்தில் அந்த உரிமை தொடர்கிறது. 2024 நவம்பரில் தள்ளுபடி மட்டும் வெகுவாகக் குறைக்கப்பட்டது. இந்த வகைக் கொள்கையைத் தேசியக் கட்சி அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதிகாரம் இல்லாததால் சுற்றிப் போய்ச் செய்தவை இன்னொரு வகை. தொழிலாளர் சட்டம் வேல்ஸின் கையில் இல்லை. பண்ணைத் தொழிலாளர் கூலி வாரியத்தை லண்டன் 2013 இல் கலைத்தபோது, கார்டிஃப் அதை வேளாண்மைத் துறை விஷயமாக எடுத்துக்கொண்டு தனிச் சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2014 ஜூலையில் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. பொதுத்துறை வேலைநிறுத்தங்களுக்கு 2016 இல் லண்டன் விதித்த கட்டுப்பாடுகளில் சிலவற்றை வேல்ஸ் 2017 சட்டத்தால் தன் எல்லைக்குள் செல்லாதவை ஆக்கியது. 2023 இல் வந்த சமூகக் கூட்டாண்மைச் சட்டம், அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூவரையும் ஒரே மேசையில் அமர்த்தி, பொதுக் கொள்முதல் வழியாக நியாயமான வேலைநிலைகளைக் கொண்டுவர முயல்கிறது.

புதியவர்கள் இந்த இரண்டாம் வகையைப் பார்த்து வியந்து, அதே கருவிகளைத் தேசியக் கட்சிக்குப் பரிந்துரைக்கிறார்கள். வீட்டின் முன்வாசல் சாவியை வைத்திருப்பவரைப் பக்கவாசல் வழியே வரச் சொல்வது போன்றது அது. குறைந்தபட்சக் கூலியையும் வேலைநிறுத்த உரிமையையும் நேரடியாகச் சட்டமாக்கக்கூடிய கட்சி, கொள்முதல் ஒப்பந்தத்தில் நிபந்தனை சேர்த்து அதே இடத்தை அடையச் சுற்ற வேண்டியதில்லை. வேல்ஸிடம் இங்கே கற்க வேண்டியது அந்தக் கருவியின் நோக்கத்தை. இன்னொன்றும் உண்டு: 22 உள்ளாட்சிகளும் 7 சுகாதார வாரியங்களும் உள்ள, சுமார் 31 லட்சம் பேர் வாழும் நாட்டில் எல்லாத் தலைவர்களையும் ஓர் அறையில் கூட்ட முடியும். சுமார் 300 உள்ளாட்சிகள் கொண்ட இங்கிலாந்தில் அது நடக்காது.

எல்லையில் முட்டி நின்ற முயற்சி ஒன்றையும் சேர்த்துப் படியுங்கள். அரசுப் பராமரிப்பிலிருந்து வெளிவரும் 18 வயது இளைஞர்களுக்கு மாதம் 1,600 பவுண்டு (வரிக்கு முன்) இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கும் அடிப்படை வருமான முன்னோட்டம் 2022 ஜூலையில் தொடங்கியது; 600 க்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். ஆனால் நலத்தொகை லண்டனின் கையில் இருந்ததால், இந்தப் பணம் வருமானமாகக் கணக்கிடப்பட்டு, அதைப் பெற்ற இளைஞர்களின் மற்ற உதவித்தொகைகள் குறைந்தன. இந்த முன்னோட்டத்தின் முடிவை அப்படியே நாடு முழுமைக்கும் பொருத்துவது தவறு. வரியும் நலத்தொகையும் ஒரே கையில் இருக்கும்போது கணக்கு வேறாகும்.

5. ஒரு கொள்கையை எடுத்து அதன் படிவரிசையைத் தொடருங்கள்

இருபது கொள்கைகளை மேலோட்டமாகத் தொடுவதைவிட மூன்றை ஆண்டுவாரியாகத் தொடர்வது பயன் தரும். கொள்கை என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். அது எந்த வேகத்தில், எந்த வரிசையில் வந்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது.

மருந்துச் சீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேல்ஸ் முதலில் கட்டணத்தை 6 பவுண்டில் உறைய வைத்தது. 25 வயதுக்குட்பட்டோருக்கு நீக்கியது. 2003 தேர்தல் அறிக்கையில் முழு நீக்கம் வாக்குறுதியானது. பிறகு 2004 அக்டோபரில் 5, 2005 இல் 4, 2006 இல் 3 எனக் குறைந்து, 2007 ஏப்ரல் 1 இல் கட்டணம் இல்லாமல் போனது. ஒவ்வொரு படியிலும் தேவை எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க அரசுக்கு அவகாசம் கிடைத்தது. மக்களுக்கும் ஒவ்வோர் ஆண்டும் மாற்றம் கண்ணில் தெரிந்தது. இங்கிலாந்தில் சுமார் 90 விழுக்காடு மருந்துகள் ஏதோ ஒரு விலக்கின்கீழ் ஏற்கெனவே கட்டணமின்றியே வழங்கப்படுகின்றன. மீதியிலிருந்து ஆண்டுக்கு 60 கோடி பவுண்டுக்கு மேல் வருகிறது. "அனைவருக்கும்" என்ற கொள்கையை ஆதரிப்பவர் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பைக் கட்டணம் சிறிய விஷயம். ஆனால் பிறர் கொள்கையைப் பாதியாக நகலெடுத்தால் என்ன ஆகும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2011 அக்டோபரில் வேல்ஸ் சிறிய கடை, பெரிய கடை என்ற வேறுபாடின்றி 5 பென்ஸ் விதித்தது. 2015 அக்டோபரில் இங்கிலாந்து அதைப் பின்பற்றியபோது, 250 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தது. 2021 மே மாதம் அந்த விலக்கை நீக்கி, கட்டணத்தை 10 பென்ஸாகவும் ஆக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது, குடியிருப்புச் சாலைகளில் மணிக்கு 30 மைலாக இருந்த வேக வரம்பை 20 மைலாக்கியது. இது 2021 தேர்தல் அறிக்கையில் இருந்தது. எட்டு ஊர்களில் முன்னோட்டம் நடந்தது. 2022 ஜூலையில் செனெத் ஒப்புதல் அளித்தது. 2023 செப்டம்பர் 17 இல் நடைமுறைக்கு வந்தது. செலவு சுமார் 3.3 கோடி பவுண்டு. காகிதத்தில் எல்லாப் படியும் சரியாக இருந்தன. இருந்தும் அதற்கு எதிரான மனுவில் சுமார் 4,70,000 பேர் கையெழுத்திட்டனர். செனெத் வரலாற்றில் அதுவே மிகப் பெரிய மனு.

எங்கே தவறியது? விலக்குத் தரும் பொறுப்பு உள்ளாட்சிகளிடம் இருந்தது, ஆனால் விலக்குக்கான வழிகாட்டுதல் இறுக்கமாக இருந்தது. வீடுகளே இல்லாத பிரதான சாலைகளிலும் புதிய வரம்பு வந்தபோது, மக்கள் முழுத் திட்டத்தையும் அந்தச் சாலையை வைத்தே மதிப்பிட்டார்கள். 2024 ஜூலையில் வழிகாட்டுதல் தளர்த்தப்பட்டது. இதற்கிடையே அந்தச் சாலைகளில் காயமடைவோர் எண்ணிக்கை சுமார் கால் பங்கு குறைந்தது. கொள்கை வேலை செய்தது. விலக்குகளின் வரிசைதான் தலைகீழாக இருந்தது. எந்தச் சாலைக்கு வேண்டாம் என்பதை முதலில் முடிவு செய்து, பலகையைப் பிறகு நட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

6. விளைவை ஒப்பிடும்போது அளவுகோலைச் சரிபாருங்கள்

எதிர்தரப்பினர் முதலில் எடுப்பது வேல்ஸின் மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியலை. அது உண்மையிலேயே மோசமாக இருந்தது, மறைக்க வேண்டாம். ஆனால் சிகிச்சைக்கான இலக்கு வேல்ஸில் 26 வாரம், இங்கிலாந்தில் 18 வாரம். பட்டியலில் எவை சேரும் என்பதும் ஒன்றல்ல. இரண்டு எண்களை அருகருகே வைக்குமுன் இரண்டும் எதை எண்ணுகின்றன என்று ஒரு வரி எழுதுங்கள்.

பள்ளித் தேர்வு மதிப்பெண்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இங்கிலாந்து 9 முதல் 1 வரையிலான எண் முறைக்கு மாறியது; வேல்ஸ் எழுத்துத் தரங்களை வைத்துக்கொண்டது. ஆகவே பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒரே அளவுகோலில் அளக்கும் பீசா (PISA) மதிப்பீட்டைப் பயன்படுத்துங்கள். 2022 பீசாவில் வேல்ஸ் கணிதத்திலும் வாசிப்பிலும் 466 புள்ளி பெற்றது. பிரிட்டனின் நான்கு நாடுகளில் அதுவே குறைவு, வளர்ந்த நாடுகளின் சராசரிக்கும் கீழே. இந்த எண்ணை உங்கள் குறிப்பிலிருந்து விட்டுவிட்டால், மற்ற எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

7. கைவிடப்பட்டவற்றுக்குத் தனி இடம் கொடுங்கள்

ஓர் அரசு தானே திரும்பப் பெற்ற கொள்கையில் வெற்றிபெற்றதைவிட அதிகப் பாடம் இருக்கும். ஏனெனில் அங்கே காரணம் எழுத்தில் பதிவாகியிருக்கும்.

வேல்ஸ் 2001 இல் பள்ளிகளின் தரவரிசை வெளியீட்டை நிறுத்தியது. பள்ளிகளைச் சந்தைப் போட்டியில் தள்ளக் கூடாது என்பது அதன் அடிப்படை. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்தபோது, அதன் விளைவாகச் சராசரியாகப் பள்ளிகளின் செயல்திறன் குறைந்தது என்று கண்டார்கள். 2010 டிசம்பரில் வந்த பீசா முடிவு அதிர்ச்சியளிக்க, மறு ஆண்டே இடைநிலைப் பள்ளிகளைத் தரப்பிரிவுகளில் வைக்கும் முறை வந்தது. சில ஆண்டுகளில் அதுவும் மாறியது. தரவரிசையை எதிர்ப்பவரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: அதை எடுத்துவிட்டால், பின்தங்கும் பள்ளியை யார், எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பல்கலைக்கழகக் கட்டணம் இன்னொன்று. இங்கிலாந்தில் 2012 இல் கட்டணம் 9,000 பவுண்டு வரை உயர்ந்தபோது, வேல்ஸ் மாணவர் எங்கே படித்தாலும் சுமார் 3,465 பவுண்டு மட்டும் செலுத்தினால் போதும், மீதியை வேல்ஸ் அரசு தரும் என்று ஏற்பாடாயிற்று. மாணவர்கள் எல்லை தாண்டிச் சென்றதால் வேல்ஸின் பணம் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்குப் போனது. 2016 ஆய்வறிக்கைக்குப் பிறகு, 2018 முதல் அந்த உதவி கட்டணத்திலிருந்து மாணவரின் வாழ்க்கைச் செலவுக்கு மாற்றப்பட்டது. ஏழை மாணவருக்கு மாற்றம் கூடுதல் நன்மை தந்தது. எல்லை தாண்டிச் செல்லும் மாணவரின் சிக்கல் நாடு முழுதும் ஆளும் அரசுக்கு அவ்வளவு இல்லை. வாழ்க்கைச் செலவா, கட்டணமா என்ற கேள்வி மட்டும் அப்படியே பொருந்தும்.

8. வாக்குக் கணக்கைக் கொள்கைக் கணக்கோடு குழப்பாதீர்கள்

"இடதுசாரிக் கொள்கைகளால் வேல்ஸில் தொடர்ந்து வென்றார்கள்" என்ற வாக்கியம் பாதி உண்மை. 1999 இல் கட்சி ரோண்டா, இஸ்லின் போன்ற தன் கோட்டைகளையே வேல்ஸ் தேசியவாதக் கட்சியான பிளைட் கம்ரியிடம் இழந்தது. லண்டனிலிருந்து விலகி நின்ற பிறகு, 2003 இல் அவற்றை மீட்டது. ஆனால் 60 இடங்களில் அது பெற்ற உச்சம் 30 மட்டுமே. விகிதாசாரம் கலந்த தேர்தல் முறையால் மற்றக் கட்சிகளோடு பேசியே ஆள வேண்டியிருந்தது.

ஆகவே ஒவ்வொரு சாதனையும் யாருடைய கோரிக்கை என்று பாருங்கள். எல்லாத் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கும் இலவச உணவு என்பது 2021 இல் பிளைட் கம்ரியுடன் செய்த ஒத்துழைப்பு உடன்பாட்டில் வந்தது; 2022 செப்டம்பரில் தொடங்கி 2024 செப்டம்பருக்குள் நிறைவேறியது. பெரும்பான்மையை ஒற்றைக் கட்சிக்கே அள்ளித் தரும் வெஸ்ட்மின்ஸ்டர் முறையில் அத்தகைய இடதுபுற அழுத்தம் அவைக்குள்ளிருந்து வராது. கட்சிக்குள்ளிருந்துதான் வர வேண்டும்.

நல்ல கொள்கை வாக்கைக் காப்பாற்றும் என்றும் எழுதாதீர்கள். தொழிலாளர் கட்சியின் தலைவராக இருந்த கெயர் ஸ்டார்மர் 2022 இல் வேல்ஸ் ஆட்சியை நாடு முழுமைக்குமான மாதிரி என்று புகழ்ந்தார். 2025 அக்டோபரில், கட்சி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகத் தன் கையில் வைத்திருந்த கேர்ஃபிலியில் நடந்த செனெத் இடைத்தேர்தலில் பிளைட் கம்ரி வென்றது. தொழிலாளர் கட்சி சுமார் 11 விழுக்காடு வாக்கோடு மூன்றாம் இடத்துக்குப் போனது. நீண்ட ஆட்சியின் சலிப்பு, லண்டன் அரசின் மீதான கோபம், மருத்துவமனை வரிசை எல்லாம் அங்கே கலந்திருந்தன. அவற்றைப் பிரித்து எடைபோட ஒரே தேர்தல் போதாது.

9. பாடத்தை எழுதும் முறை

ஒவ்வொரு பாடத்தையும் இந்த வரிசையில் எழுதுங்கள்: வேல்ஸ் செய்தது, அப்போது இருந்த அதிகாரமும் பணமும், செய்த படிவரிசை, அளக்கப்பட்ட விளைவு, தேசியக் கட்சிக்கு எது வேறுபடும், பரிந்துரை. பரிந்துரை கடைசியில் வந்தால்தான் மற்ற ஐந்தும் அதற்கு ஏற்ப வளைக்கப்படாமல் இருக்கும். ஏதாவது ஓர் இடத்தில் எழுத எதுவும் இல்லையென்றால் அந்தப் பாடத்தை நீக்குங்கள். பத்தில் தொடங்கி நான்கில் முடிவது இயல்பு.

வேல்ஸ் முந்திச் செய்து லண்டன் பின்னர் செய்தவற்றைத் தனியே குறியுங்கள். ரயில் சேவையை வேல்ஸ் 2021 பிப்ரவரியில் அரசுடைமையாக்கியது. நாடு தழுவிய சட்டம் 2024 இல் வந்தது. உடலுறுப்புத் தானத்தில் மறுப்புத் தெரிவிக்காதோர் சம்மதித்தவராகக் கொள்ளப்படும் முறை வேல்ஸில் 2015 டிசம்பரில் தொடங்கியது. இங்கிலாந்தில் 2020 இல் வந்தது. இவற்றில் முன்னும் பின்னும் ஒப்பிடத் தரவு இருப்பதால் குழுவினரின் விவாதம் கருத்திலிருந்து கணக்குக்கு நகரும்.

கடைசியாக, ஒவ்வொரு பாடத்தின் கீழும் நாளைக் குறிப்பிட்டு, எப்போது மீண்டும் பார்க்க வேண்டும் என்றும் எழுதுங்கள். 20 மைல் வரம்பைப் பற்றி 2023 அக்டோபரில் எழுதிய குறிப்பில் மனு மட்டுமே இருக்கும். 2024 இறுதியில் எழுதியதில் விபத்து எண்களும் தளர்த்தப்பட்ட வழிகாட்டுதலும் இருக்கும். நாளில்லாத குறிப்பைக் கையில் எடுப்பவருக்கு, அவர் எந்தக் கட்டத்தைப் படிக்கிறார் என்றே தெரியாது.